வெற்றிப் பாடல்களும் விடுபட்ட பாடல்களும்
- பொலிஸ் இசைக்குழுவின் தொகுதிகள் பற்றிய ஒரு நோக்கு -

ஓர் இசைக்குழுவின் புகழ்பெற்ற பாடல்களைத் திரட்டி வெளியிடும் தொகுதியை வெறும் வணிகப் பண்டமென ஒதுக்கிவிடுவது எளிது. அது பண்டம் என்பதில் ஐயமில்லை. ஆயினும், எதனைச் சேர்ப்பது, எதனை விடுவது, எதன்பின் எதனை வைப்பது என்னும் முடிவுகளால் அது ஒரு விமர்சனமாகவும் அமைந்துவிடுகின்றது. கேட்போரிற் பலர் மூல இசைத்தட்டுகளை நாடிச் செல்வதில்லை. தொகுதியே அவர்களுக்கு அக்குழுவின் முழு வரலாறு. எனவே, பல தொகுதிகளுள் எதனைத் தெரிவது என்ற வினா, அக்குழுவை எவ்வாறு விளங்கிக்கொள்வது என்ற வினாவேயாகும். பிரித்தானிய பொப்-ரொக் குழுவான பொலிஸ் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு.

பங்க் இசையின் எழுச்சிக் காலமான 1977இல் இலண்டனில் இக்குழு தோன்றியது. பாடகரும் பேஸ் கிற்றார் வாசிப்பவருமான ஸ்ரிங், அமெரிக்கரான பறையிசைக் கலைஞர் ஸ்ருவர்ட் கோப்லன்ட், கிற்றார் கலைஞர் அன்டி சமர்ஸ் ஆகிய மூவரும் 1978 முதல் 1983 வரை ஐந்து இசைத்தட்டுகளை வெளியிட்டனர். ஜமெய்க்காவில் தோன்றி, கரிபியக் குடியேற்றவாசிகளுடன் இலண்டனில் வேரூன்றிய ரெகே இசையே இவர்களது தொடக்ககால ஆக்கங்களின் அடித்தளம். இக்கடனை அவர்கள் மறைக்கவுமில்லை. இரண்டாவது இசைத்தட்டின் தலைப்பான 'ரெகாட்டா டி பிளாங்க்' (1979), 'வெள்ளையரின் ரெகே' என்பதைப் போலிப் பிரெஞ்சில் நகையாகச் சுட்டுவது. ஒலிகளுக்கிடையே விடப்படும் மௌனமே 'வோக்கிங் ஒன் த மூன்' பாடலின் வலிமை. 1981இன் 'கோஸ்ட் இன் த மெஷின்' இசைத்தட்டிலோ அவ்வெற்றிடத்தை விசைப்பலகைகளும் ஊதுகருவிகளும் நிரப்பிவிடுகின்றன. ஆகவே, இக்குழுவின் தொகுதி எதுவாயினும் மூன்றினைப் புலப்படுத்தல் வேண்டும்: பெற்ற கடன், அடைந்த மாற்றம், மூவரின் கூட்டுழைப்பு.

1986இல் வெளிவந்த 'எவ்ரி பிரெத் யூ ரேக்: த சிங்கிள்ஸ்' இவ்வளவுகோலின் முன் தடுமாறுகின்றது. தனிப்பாடல் தட்டுகளாகப் புகழ்பெற்றவையே அதன் தெரிவுக்கு அடிப்படை. அவ்வாண்டு மூவரும் புதிய ஒலிப்பதிவுக்காக மீண்டும் கூடினர். குதிரையிலிருந்து வீழ்ந்த கோப்லன்டின் காறையெலும்பு முறிந்தமையால் அம்முயற்சி பெருமளவு கைகூடவில்லை. அதில் எஞ்சிய 'டோன்ட் ஸ்ராண்ட் சோ குளோஸ் ரு மீ' பாடலின் புதிய வடிவமே, 1980இன் மூலவடிவத்துக்குப் பதிலாகத் தொகுதியில் இடம்பெற்றது. ஆசிரியர் ஒருவருக்கும் மாணவிக்குமிடையிலான பதற்றத்தை அடக்கிய குரலில் தொடங்கிப் பின் வெடிக்கவைப்பது மூலவடிவம். புதியதோ மின்னணு ஒலிகளின் சுமையால் தளர்ந்து நடப்பது. திருத்திய பதிப்பொன்று வந்தவுடன் மூலப்பதிப்பை நூலகத்திலிருந்து அகற்றிவிடுவதற்கு ஒப்பான செயல் இது. 1980ஆம் ஆண்டின் குரலை 1986ஆம் ஆண்டு பேசிவிடுகின்றது.

1992ஆம் ஆண்டின் 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' இப்பிழையைத் திருத்துகின்றது. மூலவடிவம் மீள்கின்றது. 'த பெட்ஸ் ரூ பிக் விதவுட் யூ' போன்ற பாடல்கள் சேர்க்கப்பட்டமையால் ரெகேயின் தடமும் ஆழமாகின்றது. இசைத்தட்டுகளின் கால ஒழுங்கிலேயே பாடல்கள் பெரிதும் அமைகின்றன. இவ்வொழுங்கு பொருள்கோளுக்கும் துணைசெய்வது. வட அயர்லாந்தின் கொந்தளிப்பைப் பாடிய 'இன்விசிபிள் சன்' (1981) பாடலின் காட்சிப்படத்தை பிபிசி ஒளிபரப்ப மறுத்தது. அப்பாடலைக் கேட்டபின் 'எவ்ரி பிரெத் யூ ரேக்' (1983) பாடலுக்கு வருவோர், அதனை இனிய காதற்பாடலாகக் கொள்ளத் தயங்குவர். ஒருத்தியின் ஒவ்வோர் அசைவையும் விடாது கண்காணிக்கும் பொறாமையின் குரலே அது என்பதை ஸ்ரிங்கும் பலமுறை விளக்கியுள்ளார்.

இவ்வொழுங்கு குலையும்போது நேரும் இழப்பினை 1997ஆம் ஆண்டின் தொகுதி காட்டுகின்றது. ஸ்ரிங்கின் தனிப்பாடல்களும் பொலிஸ் பாடல்களும் அதில் கால வேறுபாடின்றிக் கலந்துள்ளன. குழுவின் பாடல்களிற் பெரும்பாலானவற்றை இயற்றியவர் ஸ்ரிங் என்பது உண்மையே. ஆனால் இயற்றுதல் வேறு, ஒலியாக்குதல் வேறு. 'எவ்ரி பிரெத் யூ ரேக்' பாடலைத் தாங்கிநிற்கும் கிற்றார் இழை சமர்ஸின் விரல்களிற் பிறந்தது. மூவரின் உழைப்பு இத்தொகுதியில் ஒருவரது இளமைக்கால நினைவாகச் சுருங்கிவிடுகின்றது.

2007இல், மூவரும் மீளிணைந்து உலகப் பயணம் தொடங்கிய ஆண்டில், 'த பொலிஸ்' என்ற பெயரில் இரண்டு இறுவட்டுகள் கொண்ட தொகுதி வெளிவந்தது. அதன் வணிக நோக்கம் வெளிப்படை. எனினும் அதன் முதற்பாடல் சிந்தனைக்குரியது. கோப்லன்ட் இயற்றி, அன்றைய கிற்றார் கலைஞர் ஹென்றி படோவானியும் பங்கேற்ற 'ஃபோல் அவுட்' (1977), வெளிவந்தபோது வெற்றி பெறாத பாடல். ரெகேயின் சாயலற்ற பங்க் முயற்சி. குழு எங்கிருந்து புறப்பட்டது என்பதை அது ஒன்றே உணர்த்திவிடுகின்றது. மேலும், பிறர் துயரைத் தொலைவிலிருந்து கண்டும் செயலற்றிருப்போரின் குற்றவுணர்வைப் பாடும் 'டிரிவன் ரு ரியர்ஸ்' (1980) முந்தைய தொகுதிகளில் இல்லை, இதில் உண்டு. வெற்றிப் பாடல்களுள் ஒன்றாக எண்ணப்படாமையே அதன் முந்தைய விலக்கத்துக்குக் காரணம்.

இத்தொகுதியின் நீளம் புதிதாகக் கேட்போரைச் சோர்வடையச் செய்யும் என்பர். கட்டிறுக்கத்தில் 1992ஆம் ஆண்டின் தொகுதியே மேலானது என்பதும் ஏற்கத்தக்கது; முதல் அறிமுகத்துக்கு அது போதும். ஆனால் ஒன்றையே தெரியவேண்டுமெனின் 2007ஆம் ஆண்டின் தொகுதியே தெரியத்தக்கது. தரவரிசைப் பட்டியல், மக்கள் எதனை வாங்கினர் என்பதற்குச் சான்று. கலைஞர் எதனைச் செய்தனர் என்பதற்கு அதுவே முழுச் சான்றாகாது. சந்தையின் நினைவையே வரலாறாகத் தரும் தொகுதி கேட்போனை நுகர்வோனாகவே விட்டுவிடுகின்றது. தோல்வியையும் தயக்கத்தையும் உடன் வைத்துத் தரும் தொகுதியோ, தானே ஒப்பிட்டுத் தீர்மானிக்கும் உரிமையை அவனுக்கு அளிக்கின்றது. தொகுப்பாளனின் கடமை அதுவே.