நவீனக் கட்டடங்களும் பேணற் கடனும்

பழமை என்ற சொல்லைக் கேட்டதும் நம்மவர் உள்ளம் அநுராதபுரத்தையும் பொலனறுவையையும் நாடும். சட்டமும் அவ்வழியே சென்றது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2ஆந் திகதிக்கு முற்பட்டவற்றையே தொல்பொருளென வரையறுத்தது. ஆகவே, இரண்டாம் உலகப் போருக்குப் பின் எழுந்த நவீனக் கட்டடங்கள் அவ்வரையறைக்குப் புறத்தே நிற்கின்றன. கொழும்பில் 1960களின் தொடக்கத்தில் ஜெஃப்ரி பாவா அமைத்த ஏனா டி சில்வா இல்லம், நிலம் கைமாறியபோது பகுதி பகுதியாகக் கழற்றப்பட்டு, லுனுகங்கையில் மீண்டும் எழுப்பப்பட்டது. ஆர்வலர் முயற்சியால் அஃது ஒன்று தப்பியது; ஏனையவற்றின் கதி யாதாகும்?

இவற்றைப் பேணல் வேண்டும் என்பதில் ஐயமில்லை. எதனைப் பேணுவது என்பதே ஆராய்தற்குரியது. கோயிற் திருப்பணியில் மதிலும் மண்டபமும் புதுக்கப்படலாம். மூலத்தானத்தின் நோக்கம் மாறலாகாது. நவீனக் கட்டடத்துக்கு அத்தகைய மூலத்தானம் யாது?

கண்டியிற் பிறந்த மினெற் டி சில்வாவின் (1918–1998) பணி இதற்கு விடை தருகின்றது. 1950களின் பிற்பகுதியில் வட்டபுளுவ வீடமைப்புத் திட்டத்தை வகுத்த அவர், அங்குக் குடியேறவிருந்த பல்லினக் குடும்பங்களிடம் வினாக்கொத்து வழங்கி, அவர்தம் தேவைகளையும் வழக்கங்களையும் கேட்டறிந்த பின்னரே வீடுகளை அமைத்தார். கொங்கிறீற்றும் கூரையும் காலத்தால் மாறலாம். வாழ்வோரைக் கேட்டுக் கட்டிய அந்நெறியே அங்குப் பேணத் தக்க மூலம்.

இவ்வளவைக் கொண்டு நம் மலைநாட்டை நோக்குவோம். நவீனக் கலை தேயிலைத் தோட்டத்துக்கு வாராமற் போகவில்லை. அப்கொட் ஸ்ட்ராத்ஸ்பே தோட்டத்தில் பாவா பங்களா ஒன்றை வடிவமைத்தார். ஆயின் அது துரையின் பங்களா. லயத்துக்கு அக்கலை வரவில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பிராவை வகுத்தோர், அதனுள் அடுப்பெரித்துப் பிள்ளை பெற்று வாழ்ந்தோரிடம் எதனையுங் கேட்டாரல்லர்.

கந்தப்பளையின் ஹெதர்செற் தேயிலைத் தொழிற்சாலை 1996இல் விடுதியாக உருப்பெற்றது. பயனற்றுக் கிடந்த கட்டடத்துக்கு அஃது உயிர் தந்தது, பாராட்டத் தக்கதே. எனினும், தொழிற்சாலைக்கு ஏற்ற அம்முறையை மக்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பொருத்தி, அதனையும் எழில்மிகு பழமையெனக் காப்போமாயின், துன்பத்தையே காத்தவராவோம். ஒரு லயத்தை வரலாற்றுச் சான்றாக நிறுத்துவோம். எஞ்சியவற்றுக்கு ஈடாக வீடுகள் எழட்டும். அவ்வீடுகளை வரையுமுன், வட்டபுளுவவிற் கேட்ட வினாக்களைத் தோட்டத்து மக்களிடமும் கேட்டல் வேண்டும். மினெற் டி சில்வாவின் கலையைப் பேணுவோர்க்கு அதுவே முதற் கடன்.