முகாம் முடிந்த மறுநாள்

2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி புதுச்சேரியில் பெரியவர்களில் 26.3 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். நாட்டின் சராசரி 11.4தான். கோவாவுக்கு அடுத்த இடம் நமக்கு. வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் இலவச மருத்துவ முகாமுக்குப் பஞ்சமில்லாததில் வியப்பில்லை. பிள்ளையார்குப்பம், கிருமாம்பாக்கம், அரியூர் என்று மருத்துவக் கல்லூரிகள் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியும் அறக்கட்டளைகளின் மானியமும் வருகின்றன. இந்தப் பணம் வீண் என்று நான் சொல்லமாட்டேன். தனக்குச் சர்க்கரை இருப்பதே தெரியாதவர் ஏராளம். ஆஸ்பத்திரிப் பக்கமே போகாத ஆண்கள்கூட டீக்கடைக்கு எதிரே பந்தல் போட்டால் வந்து கை நீட்டுகிறார்கள்.

கண்புரைக்கு இந்த மானிய முறை நன்றாகப் பொருந்தியது. தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை 2003-இல் வந்தது. ஊரிலேயே பரிசோதனை, வண்டியில் அழைத்துப் போய் அறுவை, லென்ஸ், சாப்பாடு, திரும்ப ஊரில் கொண்டுவந்து விடுதல் என்பது அரவிந்தின் வழி. தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டம், இப்படிச் செய்யும் தொண்டு மருத்துவமனைகளுக்கு ஓர் அறுவைக்கு இவ்வளவு என்று மானியம் வைத்தது. எண்ணிக் கொடுக்கலாம், எண்ணி வாங்கலாம். நோயும் அதோடு தீரும்.

சர்க்கரை தீராது. முகாமில் விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுக்கிறார்கள். மீட்டர் 280 காட்டுகிறது. ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்து, "பி.எச்.சி.க்குப் போய்க் காட்டுங்கம்மா" என்கிறார்கள். பதிவேட்டில் பெயர், வயது, செல்போன் எண், கையெழுத்து. மானியம் கொடுத்தவருக்கு அந்தக் கையெழுத்து ஒரு பயனாளி. அந்த அம்மாவுக்கு முன்னால் இருப்பதோ இருபது, முப்பது வருஷ வேலை: மாதாமாதம் மாத்திரை, சில மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை, வருஷத்துக்கு ஒருமுறை விழித்திரை, தினமும் பாதத்தைப் பார்த்துக்கொள்வது. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை இலவசம்தான். ஆனால் அங்கே போகிற நாளில் அன்றைய கூலி போகும். மூன்றாம் மாதம் அவர் வரவில்லை என்றால் வீடு தேடிப் போய், "ஏம்மா வரல?" என்று கேட்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளின் சம்பளத்துக்கு மானிய விண்ணப்பத்தில் இடம் கிடைப்பதுதான் அரிது. மீட்டருக்கும் பேனருக்கும் சுலபமாகக் கிடைத்துவிடுகிறது.

சட்டங்களும் இதற்கு உதவவில்லை. சமூகப் பொறுப்பு நிதியில் தொடர் திட்டம் என்றால்கூட, தொடங்கிய நிதியாண்டு போக மூன்று ஆண்டுக்கு மேல் நீளக்கூடாது. 2020-இல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தியபோது, நிதி பெற்ற அமைப்பு அதை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றுவதைத் தடுத்தார்கள். பணம் எங்கே போகிறது என்று கண்காணிப்பது நியாயமே. ஆனால் அடிபட்டவை பெரிய நிறுவனத்தின் வழியாகப் பணம் பெற்றுவந்த சின்ன அமைப்புகள். வீடு வீடாகப் போகக்கூடியவையும் அவைதாம்.

அரசின் சொந்த மானியத்தில் ஒரு நல்ல யோசனை இருந்தது. தேசிய ஊரக சுகாதார இயக்கம், கிராம சுகாதாரக் குழுவுக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாயை, எதற்கு என்று கட்டுப்படுத்தாமல் கொடுத்தது. தொகை சிறிது, உரிமை பெரிது. அந்தக் குழுவுக்குத் தலைமை ஏற்க வேண்டியவர் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி உறுப்பினர். புதுச்சேரியிலோ 1968-க்குப் பிறகு 2006-இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அதில் தேர்வானவர்களின் பதவிக்காலம் 2011-இல் முடிந்தபின் அடுத்த தேர்தல் நடக்கவே இல்லை. பணம் தருகிறவரை நிறுத்திக் கேள்வி கேட்க, ஊரின் வாக்கைப் பெற்ற ஒருவர் இல்லை. இந்தக் குறை எனக்கு மற்றெல்லாவற்றையும்விடப் பெரிதாகத் தெரிகிறது.

வேறு மாதிரி செய்ய முடியும் என்பதற்குச் சான்று வில்லியனூரிலேயே இருக்கிறது. 1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆய்வு நிறுவனம், கனடாவின் பன்னாட்டு வளர்ச்சி ஆய்வு மைய நிதியில், வில்லியனூரை மையமாக வைத்துக் கிராமத் தகவல் மையங்களைத் தொடங்கியது. பயிர், விலை, கடல் நிலவரத்தோடு மருத்துவச் செய்தியும் அவற்றில் கிடைத்தது. இடமும் தன்னார்வலர்களும் ஊரின் பொறுப்பு. ஏம்பலத்தில் கோயில் கட்டடத்திலேயே ஓர் அறை கிடைத்தது. சன்னிதிக்குள் விடப்படாத தலித் மக்களும் அந்த அறைக்கு வர முடிந்தது. யாரும் தடையின்றி வரக்கூடிய இடம் வேண்டும் என்பது ஆய்வு நிறுவனம் வைத்த நிபந்தனை. பணம் கொடுப்பவரும் இப்படி நிபந்தனை போடலாம். மருத்துவ முகாமுக்கு எந்தத் தெருவில் பந்தல், யார் அங்கே தயங்காமல் வருவார் என்று கேட்கும் விண்ணப்பப் படிவம் எத்தனை இருக்கும்?

அறக்கட்டளைகள் முகாம்களைப் பாதியாகக் குறைத்து, மிச்சப் பணத்தில் ஊருக்குள் நடந்து போகும் செவிலியர்களை வைக்கட்டும். முகாம் பதிவேட்டின் நகல் அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகட்டும். கடைசித் தவணையை, பன்னிரண்டாம் மாதத்தில் எத்தனை பேர் இன்னும் மருந்து சாப்பிடுகிறார்கள் என்று பார்த்தபின் கொடுக்கட்டும். மூன்றாண்டு முடியும்போது அந்தச் செவிலியரின் சம்பளத்தை யார் ஏற்பது என்பதை, முதல் காசோலைக்கு முன்பே சுகாதாரத் துறையோடு எழுத்தில் முடிவு செய்துகொள்ளட்டும்.