ஆசாத் மைதானத்துக்குப் பக்கத்து ஆடுகளம்

மைசூரில் 'ரஃப் அண்ட் டஃப் அண்ட் ஜாலி' என்றொரு பையன்கள் கிரிக்கெட் அணி இருந்தது. அதன் கேப்டன் அடித்த கூத்துகளிலிருந்துதான் அவருடைய அண்ணன் ஆர்.கே. நாராயணுக்கு 'தி ரீகல் கிரிக்கெட் கிளப்' என்ற சிறுகதை கிடைத்தது. அந்தக் கேப்டன் கார்ட்டூனிஸ்ட் ஆர்.கே. லக்ஷ்மண். பள்ளிப் படிப்பு முடிந்ததும் பம்பாய் சர் ஜே.ஜே. கலைப்பள்ளிக்கு விண்ணப்பம் போட்டார். சேர்த்துக்கொள்ளும் அளவுக்குப் படங்களில் திறமை தெரியவில்லை என்று டீனிடமிருந்து பதில் வந்தது. மைசூரிலேயே பி.ஏ. முடித்து, பிறகு பம்பாய்க்கு வந்து, டைம்ஸ் ஆஃப் இந்தியாவில் ஐம்பதாண்டு வரைந்தார். வி.டி. ஸ்டேஷனுக்கு (இன்றைய சி.எஸ்.எம்.டி.) எதிரே அந்தப் பத்திரிகை அலுவலகம். வேண்டாம் என்ற பள்ளியும் அதே டி.என். சாலையில், நடக்கிற தூரத்தில்.

ஜே.ஜே. மாணவர்களின் ஆண்டுக் கண்காட்சி நெருங்கும்போதெல்லாம் எனக்கு லக்ஷ்மணை வேண்டாம் என்ற இந்தத் தேர்வுதான் ஞாபகம் வரும். 1857இல் தொடங்கிய பள்ளி; 2023இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆகியிருக்கிறது. ஓவியம், சிற்பம், மண்பாண்டம், நெசவு, உலோக வேலை என்று துறைவாரியாக மாணவர்கள் தங்கள் வேலையை வெளியே வைப்பார்கள். பரிசுச் சீட்டு ஒட்டிய படத்தின் முன்னால்தான் கூட்டம் நிற்கும். நான் அங்கே அதிகம் நிற்பதில்லை. அது ஸ்கோர் போர்டு. ஆட்டம் எப்படி ஆடப்பட்டது என்று அதில் தெரியாது.

ஆட்டத்தைப் பார்க்க வேண்டுமானால் மாடலை வைத்து வரைந்த கரிக்கோட்டுப் படங்களுக்குப் போக வேண்டும். நிற்கிற உருவம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கழுத்துக் குழியிலிருந்து மனசுக்குள் ஒரு தூக்குக்குண்டு நூலைத் தொங்கவிடுங்கள். உடம்பின் பாரம் முழுக்க ஒரு காலில் இருந்தால், நூல் அந்தக் காலின் கணுக்காலில் இறங்க வேண்டும். விலகி விழுந்தால், நிழலும் தசையும் எவ்வளவு அழகாக இருந்தாலும் உருவம் மிதக்கும். மாதுங்காவில் தாதர் யூனியன் கிரிக்கெட் அணியின் வலைப்பயிற்சியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. டிரைவ் ஆடும்போது தலை முன்காலுக்கு மேலே வந்ததா என்றுதானே கோச் முதலில் பார்ப்பார்? அடுத்தது கோடு. மணிக்கட்டிலிருந்து வந்த கோடு சின்னச் சின்னதாக, திக்கித் திக்கி ஓடும். தோளிலிருந்து வந்தது ஒரே மூச்சில் இடுப்பைக் கடந்து முழங்காலுக்குப் போகும். இரண்டாம் ஆண்டு மாணவரிடம் அந்த மூச்சைப் பார்த்துவிட்டால் எனக்கு அன்றைய டிக்கெட் காசு கிடைத்துவிட்டது.

இந்தப் பள்ளிக்குப் பயிற்சியின் அருமை தெரியாததல்ல. 1872 முதல் 1885 வரை இங்கே ஆசிரியராக இருந்த ஜான் கிரிஃபித்ஸ் தன் மாணவர்களை அஜந்தாவுக்குக் கூட்டிப்போய்ச் சுவரோவியங்களைப் படியெடுக்க வைத்தார். அந்தப் படிகளில் பல லண்டனில் தீக்கு இரையாயின. ஆனாலும் அத்தனை ஆண்டு ஒரு சுவரை உற்றுப் பார்த்த கண்கள் பம்பாய்க்குத் திரும்பி வந்தன. லக்ஷ்மணும் அப்படித்தான், சின்ன வயசிலிருந்தே காக்கையைத் திரும்பத் திரும்ப வரைந்தவர். விண்ணப்பத்தோடு போகிற நாலு தாளில் அந்தப் பழக்கம் எப்படித் தெரியும்? ஓவியர் எஃப்.என். சூஸாவின் கதை வேறு. வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் பங்கெடுத்ததற்காக 1945இல் இந்தப் பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டவர் அவர். இரண்டே ஆண்டில், அதே பள்ளியில் படித்த ஓவியர் ரசாவும் இருந்த முற்போக்குக் கலைஞர் குழுவை நிறுவினார்.

மும்பைத் தமிழர்களான நம் வீடுகளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். மாதுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் நம் பிள்ளைகள் எலிமெண்டரி, இன்டர்மீடியட் டிராயிங் பரீட்சை எழுதுகிறார்கள். நல்ல கிரேடு வாங்கினால் பத்தாம் வகுப்பில் கூடுதல் மார்க். மார்க் கைக்கு வந்ததும் வண்ணப் பெட்டி பரணுக்குப் போய்விடுகிறது. பதினைந்து வயதில் நன்றாகப் பந்து போடும் பையனை யாராவது மைதானத்தை விட்டுக் கூப்பிட்டு வந்துவிடுவார்களா? எனக்கு இது வயிற்றெரிச்சலாகவே இருக்கிறது. கை இருக்கிற பிள்ளைகள் தாராவியில் இல்லாமல் இல்லை. ஸ்நேஹா தொண்டு நிறுவனம் 2015இல் அங்கேயே நடத்திய பியனாலே கலை விழாவில், குடியிருப்பவர்களே கலைஞர்களோடு சேர்ந்து செய்த வேலைகளைச் சந்துகளுக்குள் வைத்தார்கள்.

செம்பூரிலிருந்து ஹார்பர் லைன், மாதுங்காவிலிருந்து சென்ட்ரல் லைன், இரண்டும் சி.எஸ்.எம்.டி.யில்தான் கொண்டுவிடும். ஸ்டேஷனுக்கு அருகிலேயே, 1988இல் சச்சினும் காம்ப்ளியும் ஆட்டமிழக்காமல் 664 சேர்த்த ஆசாத் மைதானம். ஜே.ஜே. வளாகமும் அருகில்தான்.

இந்த முறை நான் முதலில் மண்பாண்டத் துறைக்குத்தான் போவேன். தாராவிக் கும்பர்வாடாவில் சக்கரத்தில் மண் ஏறும்போது குயவரின் இரண்டு முழங்கையும் உடம்போடு ஒட்டி அசையாமல் இருக்கும். மாணவர்கள் செய்த பானையின் உள்சுவரில் விரலை ஓட்டிப் பார்க்க அனுமதி கேட்கப் போகிறேன். முழங்கை ஆடியிருந்தால் விரலுக்குத் தெரிந்துவிடும்.