மறுப்புக்குள் ஒளிந்த தீர்வு

சிக்கலைச் சொல், காரணத்தைக் காட்டு, தீர்வை முன்வை, மறுப்புக்குப் பதில் சொல். வாதக் கட்டுரைக்கென்று வகுப்பறையில் சொல்லித்தரும் இந்த வரிசையில் எழுதப்பட்டவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது, ஏழைகளின் குழந்தைகளைச் சமைத்துத் தின்னலாம் என்று வாதாடும் கட்டுரைதான். 1729இல் டப்ளினில் ஆசிரியர் பெயர் இல்லாமல் வந்த சின்னஞ்சிறு வெளியீடு அது. ‘எ மாடெஸ்ட் ப்ரொபோஸல்’. எழுதியவர் ஜோனதன் ஸ்விஃப்ட், அந்நகரின் செயின்ட் பேட்ரிக் பேராலயத்தில் டீனாக இருந்த பாதிரியார். அயர்லாந்தில் அடுத்தடுத்து விளைச்சல் பொய்த்திருந்த நேரம். நிலத்துக்குச் சொந்தக்காரர்களில் பலர் இங்கிலாந்தில் உட்கார்ந்து குத்தகைப் பணத்தை வரவழைத்துக்கொண்டிருந்தார்கள்.

அதன் அங்கதத்தைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. அதைத் தாங்கி நிற்கும் சாரத்தை யாரும் அவ்வளவாக அண்ணாந்து பார்ப்பதில்லை.

எடுத்த எடுப்பில் கணக்கு இல்லை, தெரு இருக்கிறது. கந்தல் உடுத்திய மூன்று, நான்கு, ஆறு பிள்ளைகள் பின்தொடர வாசல்வாசலாகப் பிச்சை கேட்கும் தாய்மார்கள். படிப்பவர் மனம் இளகிவிடுகிறது. இளகிய அந்தச் சூட்டிலேயே அடுத்த பத்தியில் ஒரு காரியம் நடக்கிறது. இந்தப் பிள்ளைகளை நாட்டுக்குப் பயன்பட வைக்க நியாயமான, மலிவான, சுலபமான வழி ஒன்றைக் கண்டுபிடிப்பவருக்குச் சிலை வைக்கலாம் என்கிறார். யார்தான் மறுப்பார்கள்? தீர்வு என்னவென்றே தெரியாத நிலையில், அதை எந்த அளவுகோலால் அளப்பது என்பதற்குத் தலையாட்டிவிடுகிறோம். பின்னால் வரும் யோசனை மலிவானதுதான், சுலபமானதும்தான். பொறி அங்கேயே வைத்தாகிவிட்டது.

பிறகு கழித்தல். நாட்டின் மக்கள்தொகை 15 லட்சம். பிள்ளை பெறும் தம்பதிகள் 2 லட்சம். தம் பிள்ளைகளைத் தாமே வளர்க்க முடிந்தவர்கள் 30,000 பேர் போக 1,70,000. கருச்சிதைவுக்கும் ஒரு வயதுக்குள் நேரும் சாவுக்கும் 50,000. மீதி 1,20,000. மளிகைக் கடைக்காரர் தாள் ஓரத்தில் போடும் கணக்கைப் போல அத்தனை சாவுகளும் ஒரு வரியில் கழிந்துபோகின்றன, பெருமூச்சு கிடையாது. தெருவில் நாம் பார்த்த பிள்ளைகள் இப்போது வெறும் மீதி. சிக்கலைப் புள்ளிவிவரத்தால் நிறுவு என்பார்கள் அல்லவா, நிறுவும்போதே முகங்களை எப்படி அழிக்கலாம் என்பதை இந்த நாலைந்து வரிகளில் பார்க்கலாம்.

யோசனையைச் சொல்லும் முன் எழுத்தாளர் பணிவோடு தொண்டையைச் செருமிக்கொள்கிறார். யாருக்கும் துளி ஆட்சேபமும் இருக்காது என்று நம்புகிறாராம். ஆதாரம் காட்ட வேண்டிய இடத்தில், லண்டனில் பழக்கமான விவரம் தெரிந்த ஓர் அமெரிக்கர் வந்து நிற்கிறார். நன்றாகப் பால் குடித்து வளர்ந்த ஒரு வயதுக் குழந்தை அருமையான உணவு என்று சொன்னது அவர்தான். 20,000 குழந்தைகளை இனவிருத்திக்கு நிறுத்திக்கொண்டு ஒரு லட்சத்தை விற்கலாம். வளர்க்கும் செலவு 2 ஷில்லிங், விலை 10, தாய்க்கு லாபம் 8. கணக்கு போய் முடியும் இடத்தைக் கவனியுங்கள்: முதல் பத்தியில் கையேந்தியவளின் கையில்.

இதற்கிடையே காரணம் எங்கே போயிற்று? வரிசைப்படி அது சிக்கலுக்கு அடுத்து வந்திருக்க வேண்டும். ஸ்விஃப்ட் அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு, வாடிக்கையாளரைப் பற்றிப் பேசும்போது நுழைக்கிறார். இறைச்சி விலை கொஞ்சம் கூடுதல்தான். ஆகவே பெற்றோரில் பெரும்பாலோரை ஏற்கெனவே விழுங்கிவிட்ட நிலக்கிழார்களுக்கே இது பொருத்தம் என்று போகிறபோக்கில் சொல்கிறார். காரணப் பகுதி முழுவதும் அவ்வளவுதான். சந்தைப் பேச்சுக்குள் ஒரு வாக்கியம்.

அடுத்து எண் போட்டு அடுக்கும் ஆறு நன்மைகள் எனக்குச் சற்று நீளமாகவே படுகின்றன. சினைப் பசுவைக் காப்பதுபோல் கணவன்மார் இனி கர்ப்பிணி மனைவியைக் காப்பார்கள், அடிக்கமாட்டார்கள் என்னும் ஒன்று மட்டும் தைக்கிறது.

ஆனால் மறுப்புப் பகுதி! மக்கள்தொகை குறையுமே என்ற ஆட்சேபத்தை, அதற்காகத்தானே இந்த யோசனை என்று ஒரே வீச்சில் தள்ளிவிட்டு, வேறு வழிகளைப் பற்றி என்னிடம் பேசாதீர்கள் என்று சீறுகிறார். எந்த வழிகள்? அயலூரில் வாழும் நிலக்கிழார்களுக்குப் பவுனுக்கு 5 ஷில்லிங் வரி, உள்நாட்டுத் துணியையும் சாமான்களையும் மட்டுமே வாங்குவது, குத்தகைக்காரர்மேல் கொஞ்சமாவது இரக்கம், கடைக்காரரிடம் நேர்மை. இவை ஸ்விஃப்ட்டின் சொந்தத் தீர்வுகள். உள்நாட்டுப் பொருள்களையே வாங்குங்கள் என்று 1720இலேயே தனி வெளியீடு எழுதியவர் அவர். அதை அச்சிட்டவர்மேல் வழக்குப் பாய்ந்தது. ஒன்பது ஆண்டு கழித்து அதே தீர்வை, எதிராளியின் அசட்டுப் பேச்சை ஒதுக்கித் தள்ளும் பத்தியில் கொண்டுபோய் வைக்கிறார். தீர்வுக்கு உரிய இடத்தில் நரமாமிசம். நரமாமிசத்துக்கு உரிய இடத்தில் தீர்வு. கட்டுரையின் அறைகளில் ஒன்றையும் இடிக்கவில்லை, குடியிருப்பவர்களை மாற்றிவிட்டார்.

கடைசிப் பத்தி, தனக்கு இதில் சுயலாபம் இல்லை என்னும் உறுதிமொழி. கடைசிப் பிள்ளைக்கு ஒன்பது வயதாகிவிட்டது, மனைவியும் பிள்ளை பெறும் வயதைத் தாண்டிவிட்டாள், விற்றுக் காசாக்கத் தன்னிடம் குழந்தை இல்லை என்கிறார் இந்தக் கனவான். ஸ்விஃப்ட்டோ ஊரறியக் கல்யாணம் செய்துகொண்டவரே அல்ல.