நூறாவது சுற்று எங்கே?

மொனாக்கோவில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பழைய பந்தயக் கார்களுக்கென்றே தனியாக ஒரு பந்தயம் நடக்கிறது. ஃபார்முலா ஒன் ஓடும் அதே தெருக்கள், அதே தடுப்புகள், வழக்கமாக அதற்குச் சில வாரங்கள் முன்னால். கிரிமால்டி வம்சம் அங்கே வந்து 700 வருடம் ஆனதை ஒட்டி 1997ல் முதல்முறை நடத்தினார்கள். 2000ல் இருந்து இரண்டு வருடத்துக்கு ஒன்று என்று ஆனது. 2020 மட்டும் கொரோனாவில் போய், 2021ல் நடந்தது. உலகப் போருக்கு முந்தைய புகாட்டி, ஈ.ஆர்.ஏ., மசராட்டியில் தொடங்கி 1985 வரையான 3 லிட்டர் ஃபார்முலா ஒன் கார் வரைக்கும் காலவாரியாகப் பிரித்து ஓட்டுகிறார்கள்.

இதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு வகை. "ஆஹா, அந்தச் சத்தம்!" என்று உருகுவது ஒன்று. "பணக்காரர்களின் விலை உயர்ந்த பொம்மை விளையாட்டு" என்று தள்ளிவிடுவது இன்னொன்று. இரண்டிலும் உண்மை இருக்கு. ஆனால் நிகழ்ச்சி தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வது பொழுதுபோக்கு என்று இல்லை, வரலாறு என்று. அப்படியானால் ஒரு வரலாற்று நூலை எப்படிப் படிப்போமோ அப்படித்தான் இதையும் படிக்க வேண்டும். எதை வைத்துக்கொண்டார்கள், எதை விட்டார்கள், விட்டதைச் சொன்னார்களா?

முதலில் கார். இதில் குறை சொல்ல அதிகம் இல்லை. எஃப்.ஐ.ஏ. கொடுக்கும் வரலாற்றுத் தொழில்நுட்ப பாஸ்போர்ட் இல்லாமல் ஒரு காரை உள்ளே கொண்டுவர முடியாது. எஞ்சின் கொள்ளளவு, சஸ்பென்ஷன், பிரேக், கியர்பாக்ஸ் எல்லாம் அந்தக் காலத்து விவரத்தோடு பொருந்துகிறதா என்று பார்க்கிறார்கள். ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். அந்தப் பாஸ்போர்ட் "இது அதே கார்தான்" என்று சான்று தருவதில்லை, "இது அந்த மாதிரியான கார்" என்று மட்டும்தான் சொல்கிறது. அர்ஜென்டினாவில் புர் சாங் என்ற நிறுவனம் புகாட்டி டைப் 35ஐ இன்றைக்கும் புதிதாகச் செய்து விற்கிறது, திருகாணி வரைக்கும் பழைய வரைபடப்படி. அதையும் 1920களில் செய்த ஒன்றையும் பக்கத்தில் நிறுத்தினால் நமக்கு வித்தியாசம் தெரியாது.

"அதே கார்" என்றால் என்ன என்ற கேள்வி ஒருமுறை நீதிமன்றத்துக்கே போயிருக்கு. 1929, 1930 இரண்டு வருடமும் லு மான்ஸில் ஜெயித்த ஓல்ட் நம்பர் ஒன் என்ற பென்ட்லி. 1932ல் புரூக்லேண்ட்ஸ் மேட்டில் இருந்து பறந்து விழுந்து ஓட்டுநரைக் கொன்றது. எஞ்சின் மாறியது, சேஸிஸ் மாறியது, உடல் மாறியது. 1990ல் அதை ஒரு கோடி பவுண்டுக்கு வாங்க ஒப்புக்கொண்டவர்கள் "இது அந்தக் கார் இல்லை" என்று பின்வாங்க, வழக்கு லண்டன் உயர்நீதிமன்றத்துக்கு வந்தது. நீதிபதி ஆட்டன் சொன்னது எனக்கு ரொம்பப் பிடித்த தீர்ப்பு. 1929ல் இருந்த பாகம் ஏறக்குறைய எதுவும் மிச்சமில்லை, அதனால் ஒரிஜினல் என்று சொல்ல முடியாது. ஆனால் இந்தக் கார் ஒருநாளும் இல்லாமல் போகவில்லை, செத்து மறுபடி கட்டப்படவில்லை, பழுது பார்த்துப் பார்த்துத் தொடர்ச்சியாக வாழ்ந்துகொண்டே வந்திருக்கு, அதனால் அந்தப் பெயருக்கு இதுவே உரியது என்றார். சாஃப்ட்வேர்காரனுக்கு இது உடனே புரியும். இருபது வருடமாக ஓடுகிற ஒரு புரோகிராமில் முதல் வருடம் எழுதிய வரி ஒன்றுகூட இருக்காது. ஆனாலும் அது அதே புரோகிராம்தான்.

அடுத்து தெரு. இங்கேதான் பலர் குறை சொல்வார்கள். 1929ல் முதல் மொனாக்கோ கிராண்ட் பிரி ஓடிய பாதை 3.18 கி.மீ. தெருவில் டிராம் தண்டவாளம் கிடந்தது. துறைமுகத்தை ஒட்டிப் போய், கேஸ் தொழிற்சாலை அருகே ஒரு கொண்டை ஊசி வளைவில் திரும்பி வந்தார்கள். 1973ல் அந்த வளைவை எடுத்துவிட்டு, நீச்சல் குளத்தைச் சுற்றி ஒரு புதுத் துண்டைச் சேர்த்தார்கள். குகைப்பாதை நீண்டது. பழைய ரயில் நிலையம் இருந்த இடத்தில் பெரிய ஹோட்டல் வந்து, அந்த வளைவின் பெயரே மாறியது. இன்றைக்கு ஒரு சுற்று 3.337 கி.மீ. ஆக 1973க்கு முந்தைய எந்தக் காருக்கும் இந்தப் பாதை தெரியாது. நீச்சல் குளத்தடியில் ஒரு 1957 மசராட்டி 250எஃப் இடதும் வலதுமாக ஆடிப் போவதைப் பார்க்கும்போது, தாத்தாவைக் கூட்டிப்போய் மெட்ரோ எஸ்கலேட்டரில் ஏற்றிய மாதிரிதான் இருக்கும்.

பிரான்சில் அங்குலேம் என்று ஒரு ஊர் இருக்கு. அங்கே கோட்டைமதிலைச் சுற்றி 1939ல் முதல் பந்தயம் ஓடிய அதே 1.279 கி.மீ. பாதையில் இன்றைக்கும் பழைய கார்கள் ஓடுகின்றன. சுத்தம் பார்க்கிறவர்கள் அங்கே போகலாம்.

என்னைக் கேட்டால் மொனாக்கோ தெருவையும் மன்னிக்கலாம். ஆட்டன் தீர்ப்பை அப்படியே தெருவுக்கும் பொருத்திப் பாருங்க. பாகம் பாகமாக மாறியிருக்கு, ஆனால் ஒருநாளும் தெருவாக இல்லாமல் போனதில்லை. சான் தெவோத் தேவாலயத்தடியில் வலது பக்கம் திரும்பிக் கசினோவுக்கு ஏறும் அந்த மேடு, இறக்கத்தில் மீராபோ வளைவு, துறைமுக ஓரம், எல்லாம் அங்கேதான் இருக்கு. 1955ல் அஸ்காரியின் லான்சியா பறந்து விழுந்த கடலும் அதே கடல்தான். தடுப்பு வேலி புதிது. ஆனால் 1967ல் பன்டினியின் ஃபெராரி மோதி எரிந்தபோது, வைக்கோல் கட்டுகளும் சேர்ந்து எரிந்ததையும், மூன்று நாள் கழித்து அவர் இறந்ததையும் படித்தவர்கள் யாரும் வைக்கோலைத் திரும்பக் கொண்டுவா என்று கேட்க மாட்டார்கள்.

காரும் தேறிவிட்டது, தெருவும் தேறிவிட்டது. அப்ப குறை எங்கே?

நேரத்தில்.

1929 ஏப்ரல் 14 அன்று நடந்த பந்தயம் நூறு சுற்று. வில்லியம்ஸ் என்ற பெயரில் ஓட்டிய குரோவர்-வில்லியம்ஸ், பச்சை நிற புகாட்டி 35பியில் 3 மணி 56 நிமிடத்தில் முடித்தார். சராசரி வேகம் மணிக்கு சுமார் 80 கி.மீ. (இவர் பின்னாளில் போரின்போது பிரிட்டிஷ் ரகசிய ஏஜெண்டாகப் பாரிஸில் வேலை செய்து, பிடிபட்டு, ஜெர்மானிய முகாமில் கொல்லப்பட்டார். அது தனிக் கட்டுரைக்கு உரிய கதை.) அந்தப் பந்தயத்தில் அவரோடு மல்லுக்கு நின்றது கரட்சியோலாவின் மெர்சிடீஸ் எஸ்.எஸ்.கே. 7 லிட்டர் எஞ்சின், அந்தச் சந்துகளுக்கு யானை மாதிரி. அப்போதெல்லாம் யார் எங்கே நின்று கிளம்புவது என்பது குலுக்கல் சீட்டில்தான் முடிவாகும். பின்வரிசையில் மாட்டிக்கொண்ட கரட்சியோலா ஒவ்வொருவராகத் தாண்டி முன்னணிக்கே வந்துவிட்டார். பிறகு பெட்ரோலுக்கும் டயருக்கும் பிட்டில் நின்றார். நாலரை நிமிடம் போனது. கடைசியில் மூன்றாம் இடம்.

அந்த நாலரை நிமிடம்தான் 1929 மொனாக்கோ. கனமான கார் டயரைத் தின்னும், பெட்ரோலைக் குடிக்கும், அதனால் அதிக நேரம் நிற்கும். லேசான கார் வேகத்தில் கொஞ்சம் பின்தங்கினாலும் மொத்தக் கணக்கில் ஜெயிக்கும். புகாட்டியின் மொத்தத் தத்துவமும் இந்த ஒரு கணக்கில் அடங்கியிருக்கு. ஆனால் இந்தக் கணக்கு வேலை செய்ய நீளமான பந்தயம் வேண்டும்.

1933ஐ எடுத்துக்கொள்ளுங்க. வர்சியும் நுவொலாரியும் மாற்றி மாற்றி முன்னிலை எடுத்துக்கொண்டு நூறு சுற்றும் சண்டை போட்டார்கள். முடிவு கடைசிச் சுற்றில்தான். வர்சி முந்தினார். விடாமல் விரட்டிய நுவொலாரியின் ஆல்ஃபாவில் எண்ணெய்க் குழாய் உடைந்து தீப்பிடிக்க, இறங்கிக் காரைத் தள்ளப் பார்த்தார். மூன்றரை மணி நேரம் வதைபட்ட உலோகம் கடைசி நிமிடத்தில் கொடுத்த பதில் அது. முதல் பத்து சுற்றில் அந்தக் குழாய் உடைந்திருக்காது.

இன்றைய வரலாற்றுப் பந்தயத்தில் எத்தனை சுற்று? ஒரு பிரிவுக்குப் பத்து, பதினெட்டு என்று போகிறது. அரை மணி நேரத்தைத் தாண்டுவது அபூர்வம். நிற்க வேண்டியதில்லை, பெட்ரோல் ஊற்ற வேண்டியதில்லை, டயர் மாற்ற வேண்டியதில்லை. எங்கள் தொழிலில் ஸ்மோக் டெஸ்ட், சோக் டெஸ்ட் என்று இரண்டு உண்டு. முதலாவது, ஆன் செய்தால் புகை வராமல் ஓடுகிறதா என்று பார்ப்பது. ஐந்து நிமிட வேலை. இரண்டாவது, மணிக்கணக்காக, நாள்கணக்காக ஓடவிட்டு எங்கே கசிகிறது என்று பார்ப்பது. மெமரி லீக் முதல் ஐந்து நிமிடத்தில் தலைகாட்டவே காட்டாது. மொனாக்கோ கிராண்ட் பிரி ஒரு சோக் டெஸ்டாகத்தான் பிறந்தது. அதன் வரலாற்றுப் பதிப்பு ஒரு ஸ்மோக் டெஸ்ட்.

விளைவு என்னன்னா, பந்தயத்தின் குணமே மாறிவிடுகிறது. பத்து சுற்றில் ஜெயிக்க வேண்டுமானால் முதல் வளைவிலேயே பாய வேண்டும். காத்திருக்க நேரம் இல்லை, காரைக் காப்பாற்றி ஓட்டுவதில் லாபமும் இல்லை. 2021ல் முன்னணியில் போய்க்கொண்டிருந்த ஜான் அலேசியின் 1974 ஃபெராரியைப் பின்னால் வந்த லோட்டஸ் ஒன்று இடிக்க, ஃபெராரி தடுப்பில் மோதி நொறுங்கியது. லோட்டஸ் ஓட்டுநருக்குத் தண்டனை கொடுத்து, மைக்கேல் லயன்ஸை வெற்றியாளர் என்று அறிவித்தார்கள். ஒருவரைக் குறை சொல்லி முடித்துவிடலாம். நான் பந்தயத்தின் நீளத்தையும் சேர்த்தே குறை சொல்வேன். அரை அரை மணி நேரமாக வெட்டிய பந்தயத்தில் எல்லோரும் இப்படித்தான் ஓட்டுவார்கள்.

2022ல் நடந்தது வேறு ரகம். ஷார்ல் லெக்லேர் ஒரு காட்சி ஓட்டத்தில் லாவ்டாவின் 1974 ஃபெராரி 312பி3ஐ எடுத்துப் போனார். லா ரஸ்காஸ் வளைவில் பிரேக் டிஸ்க் உடைந்து, கார் சுழன்று பின்பக்கமாகத் தடுப்பில் மோதியது. பின் இறக்கை போனது. பொக்கிஷத்தை உடைத்துவிட்டார்கள் என்று இணையம் முழுக்க ஒப்பாரி. எனக்கு என்னமோ இந்த ஒப்பாரியில் ஒட்ட முடியவில்லை. அருங்காட்சியகத்தில் நிற்கும் காரின் பிரேக் டிஸ்க் ஒருநாளும் உடையாது. உடைந்ததால்தான் அதை யாரோ ஒருவர் கழற்றி, ஏன் என்று பார்த்து, புதிதாகக் கடைந்து மாட்டுவார். அந்தக் கைவேலை தெரிந்தவர்கள் இன்னும் இருப்பதற்கு இந்த மாதிரிப் பந்தயங்கள் ஒரு காரணம். பழைய கார்களை ஓட்டுவதற்கான நல்ல நியாயம் இதுதான் என்பது என் கட்சி.

அதே நியாயத்தை முழுசாகப் பிடித்துக்கொண்டுதான் நீளமான பந்தயமும் வேண்டும் என்கிறேன். முடியாது என்பதற்குச் சொல்லும் காரணங்கள் தெரியும். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் எட்டுப் பந்தயம் வரைக்கும் முடிக்க வேண்டும், தெருவைத் திறந்துவிட வேண்டும். ஓட்டுகிறவர்களில் பலர் அறுபது தாண்டியவர்கள். ஒரு எஞ்சின் போனால் செலவு கோடியில். எல்லாம் நியாயம்தான். ஆனால் லு மான்ஸ் கிளாசிக்காரர்கள் இதே சிக்கலுக்கு வேறு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். 2002ல் இருந்து அங்கே ஒவ்வொரு பிரிவையும் முக்கால் மணி நேரம் போல மூன்று முறை, பகலிலும் இரவிலுமாக, 24 மணி நேரத்துக்குள் மாற்றி மாற்றி ஓடவிடுகிறார்கள். எந்தக் காரும் 24 மணி நேரம் ஓடுவதில்லை. ஆனாலும் அதிகாலை மூன்று மணிக்கு மஞ்சள் விளக்கோடு ஒரு பென்ட்லி வருகிறது, மெக்கானிக் தூக்கக் கலக்கத்தில் எண்ணெய் ஊற்றுகிறார். லு மான்ஸ் என்றால் இரவு என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கு, அதை மட்டும் விடவில்லை.

மொனாக்கோவும் ஒரே ஒரு பிரிவில் செய்து பார்க்கலாம். போருக்கு முந்தைய கார்கள், நூறு வேண்டாம், ஐம்பது சுற்று. நடுவில் கட்டாயம் ஒருமுறை நிற்க வேண்டும், பெட்ரோல், இரண்டு சக்கரம். வேண்டுமானால் இரண்டு ஓட்டுநர் மாற்றி மாற்றி ஓட்டட்டும். வேகம் குறையும். ஏன்னா ஐம்பது சுற்று போக வேண்டியவன் முதல் வளைவில் பாய மாட்டான். காருக்கும் அது நல்லது என்றுதான் நினைக்கிறேன்.

புகாட்டி 35ன் சக்கரத்தைப் படத்தில் பார்த்திருப்பீங்க. எட்டுத் தட்டையான ஆரம், அலுமினியத்தில் வார்த்தது. அழகுக்காகச் செய்தது என்றே பலர் எழுதுகிறார்கள். அந்தச் சக்கரமும் பிரேக் டிரம்மும் ஒரே வார்ப்பு. பிட்டில் சக்கரத்தைக் கழற்றினால் டிரம்மும் கூடவே வந்துவிடும், உள்ளே பிரேக் கட்டை எவ்வளவு தேய்ந்திருக்கு என்று மெக்கானிக் ஒரு பார்வையில் பார்த்துவிடலாம். இன்றைய பத்து சுற்றுப் பந்தயத்தில் அந்தச் சக்கரத்தை யாரும் கழற்றுவதில்லை.