கிளப்பில் பிரிட்ஜ், குவாட்டர்ஸில் முன்னூற்று நாலு

சோமர்செட் மாமின் மலாயாக் கதைகளில் நான் அடிக்கடி திரும்பிப் போவது 'ஃபுட்பிரின்ட்ஸ் இன் தி ஜங்கிள்' கதைக்கு. 1933இல் 'ஆ கிங்' தொகுப்பில் சேர்ந்தது. தானா மேரா என்ற ஊர், ஒரு கிளப், பிரிட்ஜ் மேசை. திருமதி கார்ட்ரைட் நன்றாக ஆடுவாள், நாக்கும் கூர்மை. ஆட்டம் முடிந்து கார்ட்ரைட் தம்பதி போன பிறகுதான் போலீஸ் அதிகாரி கேஸ் பழைய கதையைச் சொல்கிறார். அவளுடைய முதல் கணவன், தோட்ட மேனேஜர் பிரான்சன், காட்டுப்பாதையில் சுட்டுக் கொல்லப்பட்டவன். யார் செய்தது என்று கேஸுக்குத் தெரியும். நிரூபிக்க முடியாது.

மாம் பிரிட்ஜ் பைத்தியம். சார்ல்ஸ் கோரனின் ஏல நூலுக்கு முன்னுரையே எழுதியவர். அதனால்தான் சீட்டாடும் விதத்தை வைத்தே அவரால் குணத்தை எழுத முடிந்தது. கையில் உள்ளதை முகத்தில் காட்டாத இருவர், மேசையிலும் வெளியிலும் கூட்டாளிகள்.

பிரான்சன் சைக்கிளில் கொண்டு வந்தது தோட்ட ஆட்களின் சம்பளப் பணம். சம்பளம் கதையில் இருக்கிறது, அதை வாங்க வேண்டியவர்கள் இல்லை. இதைச் சொல்லிப் புலம்புவது சுலபம், நானும் புலம்பியவன்தான். இப்போது என் குறை மாம் மேல் இல்லை, நம்மவர்கள் மேல். நான் வாசித்தவரை நம் தோட்டக் கதைகளில் சீட்டுக்கட்டு வந்தால் பக்கத்திலேயே கள்ளு வரும், அடுத்த பக்கத்தில் மனைவி அடி வாங்குவாள். லயத்தில் அது நடக்கவில்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் சீட்டு என்பது அது மட்டும்தானா?

நெகிரி செம்பிலானில் ரந்தாவ் பக்கத்துத் தோட்டமொன்றில் பெரியப்பா கிராணியாக இருந்தார். யாழ்ப்பாணத்தார். ஞாயிறு மாலைகளில் டிரெஸ்ஸர், பள்ளி ஆசிரியர், இன்னொரு கிராணி என்று நால்வரும் முன்னூற்று நாலு ஆடுவார்கள். 32 சீட்டு. ஜாக் 30, ஒன்பது 20, ஆஸ் 11, பத்து 10, கிங் 3, குயீன் 2. மொத்தம் கூட்டினால் 304. முதலில் கிடைக்கும் நாலே சீட்டைப் பார்த்துக் கேட்க வேண்டும். மீதி நாலு பிறகுதான் வரும்.

பிரிட்ஜில் 13 பிடியில் 12 எடுத்தால் சின்ன ஸ்லாம், 13ம் எடுத்தால் பெரிய ஸ்லாம். பழைய ஆக்‌ஷன் பிரிட்ஜில் சொல்லாமல் எடுத்தாலும் ஸ்லாமுக்குப் புள்ளி உண்டு. 1925இல் வாண்டர்பில்ட் ஒரு கப்பல் பயணத்தில் விதியை மாற்றினார்: ஏலத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். இன்று சின்ன ஸ்லாமுக்கு வெகுமதி 500 அல்லது 750. தவறினால் அதுவும் போய் அபராதம் வேறு. போட்டிகளில் ஒரே சீட்டுகளைப் பல மேசைகளுக்குக் கொண்டுபோய் ஆடவைப்பதால் 'எனக்கு நல்ல சீட்டு வரல' என்று யாரும் தப்பிக்க முடியாது.

முன்னூற்று நாலில் ஸ்லாமுக்குச் சமமானது 'பார்ட்னர் குளோஸ் கேப்ஸ்'. கூட்டாளி தன் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிடுவார். கேட்டவர் தனியாக எட்டுப் பிடியும் எடுக்க வேண்டும். பிரிட்ஜில் டம்மி கை திறந்திருக்கும். இங்கே எல்லாமே மூடல்.

ஒரு நாள் பெரியப்பா அதைக் கேட்டார். இஸ்பேடு துரும்பு, அதில் ஜாக், ஒன்பது, ஆஸ், பத்து. ஆட்டினில் ஜாக், ஒன்பது, ஆஸ். ஏழும் நிச்சயம். எட்டாவது டைமன் ஒன்பது. டைமன் ஜாக் வெளியே. பதற்றமே இல்லாமல் துரும்பு நாலையும் இறக்கினார், பிறகு ஆட்டின். ஏழாவது பிடியில் டிரெஸ்ஸர் கையில் இரண்டே சீட்டு: டைமன் ஜாக், கிளாவர் ஜாக். ஒன்றை எறிய வேண்டும். வெகுநேரம் யோசித்து டைமனை எறிந்தார்.

"என்ன ஐயா, ரெண்டுக்கும் நடுவில என்னை மாட்டிப் போட்டியளே!"

பெரியப்பா சிரிக்கவில்லை. "நீங்கள் கிளாவர விடமாட்டியள் எண்டு தெரியும். போன மாசமும் விடேல்ல."

போன மாதத்து ஆட்டத்தையும் எதிராளியின் பழக்கத்தையும் தலையில் வைத்திருக்கும் இந்த மனிதர், திங்கட்கிழமை காலையில் துரை முன்னால் கைகட்டி நின்று செக்ரோல் காட்டுவார். மாம் தன் மேசைக்குக் கொடுத்த கூர்மையை இந்த மேசைக்கு நாம் ஏன் கொடுக்கவில்லை? நம் நாவல்களில் கிராணி ஒன்று கங்காணியோடு சேர்ந்த கொடியவன், இல்லையென்றால் கோழை. அவன் எதைப் பற்றியாவது கணக்குப் போட்டு யோசிக்கும் ஒரு பக்கம் எழுத நமக்கு மனம் வரவில்லை. பெரட்டுக்களத்தில் தலைகுனிந்து நிற்கும் பால்வெட்டுத் தொழிலாளிக்கு அந்தப் பக்கம் இன்னும் தூரம்.

அந்த ஆட்டத்தை நானே ஒரு சிறுகதையில் எழுதிப் பார்த்தேன். வாசித்த பத்திரிகை ஆசிரியர், சீட்டு விவரம் வாசகருக்குப் புரியாது, குறைத்துவிடுங்கள் என்றார். கூடவே, பெரியப்பா பக்கத்தில் ஒரு கள்ளு மொந்தை இருந்தால் தோட்டம் கண்முன் வருமாம். பெரியப்பா தேத்தண்ணியைத் தவிர வேறெதுவும் குடிக்காதவர். கதை என்னிடமே இருக்கிறது.