திப்பு தோற்றதும் பிரேம் போட்டார்கள்

பழைய போர்ச் சித்திரங்களின் அச்சுப் பிரதிகளைச் சேகரிக்கும் ஆசை உங்களுக்கு உண்டா? அப்படியானால் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து ஆரம்பியுங்கள்.

1799 மே 4-ம் தேதி கோட்டை விழுந்தது, திப்பு இறந்தார். அடுத்த வருஷமே ராபர்ட் கெர் போர்ட்டர் என்ற இளைஞர் அந்தச் சண்டையை 120 அடி நீளத்துக்கு வரைந்து லண்டன் லைசியத்தில் காட்டினார். ஆறே வாரத்தில்! இந்தியாவைப் பார்க்காமலேயே! பிறகு வெண்ட்ரமினி என்பவர் அதைச் செம்புத் தகட்டில் புள்ளி புள்ளியாகச் செதுக்கினார். மூன்று படங்கள். மூல ஓவியம் இன்றில்லை. அச்சுதான் மிச்சம்.

படம் நன்றாகவே இருக்கிறது. புகை, இடிந்த மதில், நடுநாயகமாக வாளோடு டேவிட் பெயர்டு. கண் நேரே அவரிடம்தான் போகும். ஆனால், அவர் முகத்தில் ஏன் அவ்வளவு ஆவேசம் என்பதைப் படம் சொல்லாது. 1780-ல் காஞ்சிபுரம் பக்கத்துப் புள்ளலூரில் ஹைதர்-திப்பு படையிடம் கும்பினிப் படை படுதோல்வி அடைந்தது. அன்று பிடிபட்டவர்களில் பெயர்டும் ஒருவர். இதே ஸ்ரீரங்கப்பட்டணத்தில் மூன்றரை வருஷத்துக்கு மேல் சிறை.

புள்ளலூர் வெற்றியைத் திப்பு தன் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் வரையவைத்தார். அங்கே கர்னல் பெய்லி பல்லக்கில் விரலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இதுவும் பிரசாரம்தான். ஆனால், திப்பு ஜெயித்த சண்டை சுவரோடும் சில தாள்களோடும் நின்றுவிட்டது. தோற்ற சண்டைதான் பிரேமுக்குள் புகுந்து வீடு வீடாகப் போனது. நம் மனதில் பதிந்த திப்புவும் பெரும்பாலும் அந்த பிரேமுக்குள் இருப்பவர்தான்.

இன்னொன்று. மதில் ஏறியவர்களில் சென்னை ராஜதானிச் சிப்பாய்களும் உண்டு. இந்த ரகப் படங்களோடு வரும் விளக்கத் தாள்களில் அதிகாரிகளுக்குத்தான் பெயர். சிப்பாய் வெறும் கூட்டம்.

வாங்குமுன் லென்ஸ் வைத்துப் பாருங்கள். புள்ளிகள் ராணுவ அணிவகுப்பு மாதிரி வரிசையாக நின்றால் அது பிற்கால மறுபதிப்பு. படத்தின் அடியில் இடப்பக்கம் ஓவியர், வலப்பக்கம் செதுக்கியவர், நடுவில் வெளியிட்டவர், தேதி என்று இருக்கும். பிரேமுக்குள் அடங்கவில்லையென்று அந்த ஓரத்தை வெட்டிவிடாதீர்கள். படத்தின் ஜாதகமே அதுதான்.

மாட்டும்போது பக்கத்திலேயே தரியா தௌலத் சுவரின் சாதாரண போஸ்ட்கார்டு ஒன்றையும் மாட்டுங்கள். பெயர்டின் வாளுக்கு அப்போதுதான் அர்த்தம் புரியும்.